ஈ.எஸ்.எல். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா?

கேள்வி: 2024 ஆகஸ்ட் 19

நாங்கள் ஜூலையில்தான் ரொறன்ரோவுக்கு வந்தோம். மகனுக்கு 15 வயது. வவுனியாவில் தமிழ் மூலம் படித்தவர். போன கிழமை ஸ்கூல் போர்டில் புதிதாக வந்தவர்களைச் சோதிக்கும் இடத்தில் கணிதமும் ஆங்கிலமும் பார்த்தார்கள். கணிதம் நன்றாகச் செய்திருக்கிறார் என்றார்கள். ஆங்கிலத்துக்கு, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான ஈ.எஸ்.எல். வகுப்பில் 'பி' (B) மட்டம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். இவருடைய சித்தப்பா ஒருவர் 30 வருடமாக இங்கே இருக்கிறார். ஈ.எஸ்.எல்.லில் ஒருமுறை போட்டால் வெளியே வர முடியாது, கம்பஸை, அதாவது பல்கலைக்கழகத்தை, மறக்க வேண்டியதுதான், வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறார். இன்னொருவர் கிறேட் 9இல் போடச் சொல்லுங்கள், ஒரு வருடம் கூடக் கிடைக்கும் என்கிறார். பள்ளிக்கூடம் செப்டெம்பர் 3 தொடங்குகிறது. மகன் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. இந்த வயதில் வந்து இங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2024 ஆகஸ்ட் 19, இரவு

கையெழுத்துப் போடாதீர்கள். மிச்சம் நாளைக்கு. இப்போது வேலைக்குப் போகவேண்டும்.

2024 ஆகஸ்ட் 20

நான் 1996இல் வந்தவன். ஸ்காபரோ, அதே 15 வயது. எனக்கும் சோதனை வைத்தார்கள், எனக்கும் ஒரு தாள் தந்தார்கள், என் மாமாவும் உங்கள் சித்தப்பா சொன்னதையே சொன்னார். ஆகவே இந்தக் கதைக்கு உங்கள் மகனைவிட வயது அதிகம்.

ஈ.எஸ்.எல்.லில் ஏ முதல் ஈ வரை ஐந்து மட்டம். ஒவ்வொன்றும் ஒரு முழுக் கிறெடிற், அதாவது ஒரு பாடம் முடித்ததாகக் கணக்கு. ஒன்ராறியோ மாகாணத்தின் உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிறெடிற் வேண்டும். அதில் நான்கு கட்டாய ஆங்கிலம். அந்த நான்கில் மூன்றை ஈ.எஸ்.எல். வகுப்புகளாலேயே நிரப்பலாம். நான்காவது மட்டும் கிறேட் 12இன் கட்டாய ஆங்கில வகுப்பாக இருக்கவேண்டும். அதாவது பொடியன் பி, சி, டி என்று ஏறிக்கொண்டு போகும்போதே டிப்ளோமாவும் நிரம்பிக்கொண்டு வரும். கணிதம், விஞ்ஞானம், உடற்பயிற்சி எல்லாம் அதே நேரத்தில் மற்றப் பிள்ளைகளோடு படிக்கலாம். மேல் மட்டங்களை முடித்தவர்கள் வழக்கமான ஆங்கில வகுப்புக்குப் போய்விடுவார்கள். வெளியே வர முடியாது என்று எந்த விதியும் இல்லை.

சித்தப்பா பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் கண்டதைச் சொல்கிறார். 1999இல் பாடத்திட்டம் மாறும்வரை கிறேட் 10 முதல் பாடங்கள் பேசிக், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று மூன்று தரமாக இருந்தன. என்னோடு வந்த பொடியன்கள் பலரை, ஆங்கிலம் போதாது என்று, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் கூட ஜெனரலில் போட்டார்கள். ஜெனரலில் இருந்து பல்கலைக்கழகத்துக்கு வழி இல்லை. அவர்களை மாட்டிவிட்டது அதுதான். கெட்ட பெயர் மட்டும் ஈ.எஸ்.எல்.லுக்குப் போய்விட்டது. இதைப் பற்றிப் பிறகு நிறையக் கதைக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 20, பின்னேரம்

கிறேட் 9 பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வேண்டாம்.

இங்கே எந்த வகுப்பு என்பதற்கு ஊரில் இருக்கும் கனம் இல்லை. கணக்கு முழுவதும் கிறெடிற்தான். ஊரில் படித்ததற்கு அதிபர் பார்த்துச் சமமான கிறெடிற் போட்டுத் தருவார். கிறேட் 10 பிள்ளை ஒரு பாடத்தைக் கிறேட் 9இலும் இன்னொன்றைக் கிறேட் 11இலும் படிக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நேரம் போதாவிட்டால் கிறேட் 12க்குப் பிறகு இன்னொரு வருடம் இருந்து படிப்பவர்களும் உண்டு. பிள்ளைகள் அதற்கு 'விக்டரி லாப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் காலத்தில் அந்த ஐந்தாவது வருடம் எல்லோருக்கும் இருந்தது. ஓ.ஏ.சி. என்பார்கள், கிறேட் 13 மாதிரி. 2003இல் அதை நிறுத்திவிட்டார்கள். பிந்தி வந்த எனக்கு மூச்சுவிட நேரம் தந்தது அந்த வருடம்தான். ஆகவே ஒரு வருடம் கூட எடுப்பதற்கு நான் எதிரி இல்லை. அதைக் கடைசியில் எடுங்கள். 15 வயதில், தொண்டை உடைந்து மீசை அரும்பிய நேரத்தில், 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே கொண்டுபோய் இருத்தினால் அவர் இப்போது பேசாமல் இருப்பது போதாது என்று ஆகிவிடும்.

2024 ஆகஸ்ட் 22

என்னென்ன கடதாசி என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். விடுகைப் பத்திரம், கடைசி இரண்டு மூன்று வருட மதிப்பெண் அறிக்கை, அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு, இருக்கும் முகவரிக்கு ஏதாவது அத்தாட்சி. தடுப்பூசி அட்டையை மறக்கவேண்டாம். அம்மை, போலியோ, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்ட பதிவு சுகாதாரப் பகுதியிடம் இல்லாவிட்டால் பிறகு கடிதம் வரும், அதையும் கவனிக்காவிட்டால் பிள்ளையைச் சில நாள் வகுப்புக்கு விடமாட்டார்கள்.

விசா முடிந்தவர்களின் பிள்ளையைச் சேர்ப்பார்களா என்று கேட்டவருக்கு: சேர்க்க வேண்டும். ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின் 49.1 பிரிவு. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நாட்டில் இருக்கச் சட்டப்படி அனுமதி இல்லை என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது. அலுவலகத்தில் யாராவது தலையை ஆட்டினால் அந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்.

2024 ஆகஸ்ட் 25

"என் அக்காவின் மகள் ஒரே வருடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறாள், ஈ.எஸ்.எல். எதற்கு?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குத்தான் காத்திருந்தேன்.

கதைப்பது சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவது குளிர்காலத்துக்குள் நான் பேருந்திலும் விளையாட்டு மைதானத்திலும் யாரோடும் சரிக்குச் சரி வாய் காட்டினேன். ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி அப்போது புதுசு, தோற்றுக்கொண்டே இருந்தது, அதனால் கதைக்கவும் நிறைய இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். பிறகு வரலாற்று வகுப்பில் முதலாம் உலகப் போரின் காரணங்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். வாயால் சொல்லச் சொன்னால் ஒரு மணித்தியாலம் சொல்லியிருப்பேன். தாளில் ஒரு பந்தியைத் தாண்டவில்லை. ரீச்சருக்கு அது விளங்கவில்லை. இவ்வளவு கதைக்கிறவன் எழுதவில்லை என்றால் சோம்பேறி என்றுதானே நினைப்பார்? அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினார். ஆங்கிலமே வராமல் இருந்த முதல் வருடத்தில் எல்லோரும் என்மீது இரக்கம் காட்டினார்கள். கதைக்கத் தொடங்கிய பிறகுதான் திட்டு விழுந்தது.

இதற்கு விளக்கம் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஜிம் கமின்ஸ் என்ற கல்வியாளர் 1979இலேயே இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னவர். அன்றாடம் கதைக்கும் மொழி கிட்டத்தட்ட இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தகத்தின் மொழியில் கூடப்படிப்பவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்பது அவர் கணக்கு. அதற்கு அவர் பார்த்தது ரொறன்ரோப் பள்ளிக்கூடங்களில் படித்த குடியேறிகளின் பிள்ளைகளைத்தான். அதாவது எங்களை மாதிரி ஆட்களை.

இனி நீங்களே கூட்டிப் பாருங்கள். 15 வயதில் வந்தவருக்கு ஐந்து வருடம் என்றால் 20. உயர்பள்ளி முடிவதற்குள் ஆங்கிலம் முடியப்போவதில்லை. ஆகவே மொழி தெரிந்த ஒரு ரீச்சர் பக்கத்தில் இருந்து கட்டுரையைத் திருத்தித் தருகிற வசதி, அதுவும் இலவசமாக, எத்தனை செமஸ்டர் கிடைக்குமோ அத்தனையையும் வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவின் மகளுக்கும் இதுவே.

2024 செப்டெம்பர் 1

கொஞ்சம் சின்ன விஷயம். லொக்கர் பூட்டு. திறப்பு இல்லாத, இலக்கம் சுற்றும் பூட்டு. வலப்பக்கம் சில தரம் சுற்றி முதல் இலக்கம், இடப்பக்கம் அதை ஒருமுறை தாண்டிப் போய் இரண்டாவது, திரும்ப நேரே வலப்பக்கம் மூன்றாவது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்கவும் வெட்கம். குளிர் ஜாக்கெட், சப்பாத்து, நான்கு பாடப் புத்தகம், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வகுப்பு வகுப்பாகத் திரிந்தேன். கடினமாகப் படிக்கும் பிள்ளை என்று ஒரு நல்ல பெயர் கிடைத்தது. இன்றைக்கே ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்து வீட்டில் பழகவிடுங்கள்.

காலையில் தேசிய கீதம் போகும், எழும்பி நிற்கவேண்டும். ரீச்சர் வரும்போது எழும்பத் தேவையில்லை. நான் எழும்பினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

2024 செப்டெம்பர் 8

மகன் சாப்பாட்டு நேரம் முழுவதும் நூலகத்தில் இருக்கிறார், தமிழ்ப் பொடியன்கள் 'ஃபொப்' (இப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியவன் என்ற கேலிச் சொல்) என்று சொல்லிச் சிரித்தார்கள் என்று நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்தச் சொல் இன்னும் சாகவில்லையா?

வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்னை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் கண்ணில் நான் படவே இல்லை. நொந்ததெல்லாம் எங்கள் ஆட்களால். இங்கே பிறந்தவன், ஐந்து வயதில் வந்தவன், பத்து வயதில் வந்தவன் என்று ஒரு வரிசை இருந்தது. எல்லோருக்கும் கீழே நான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் சிரிப்பு. அப்போது அவர்கள்மேல் எனக்கு வெறுப்பு. இப்போது யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. நான் வாயைத் திறந்தால் அவர்களுக்குத் தங்கள் வீட்டு நினைவு வந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அம்மாவின் ஆங்கிலம் நினைவுக்கு வருவதை எந்தப் 15 வயதுக்காரன் விரும்புவான்?

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று. ஊரில் நான் பகிடிக்காரன். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருக்கச் சண்டை பிடிப்பார்கள். இங்கே வந்து மாதக்கணக்காக ஒரு பகிடியும் விடவில்லை. பகிடிக்கு வேகம் வேண்டும். நான் வசனத்தைக் கட்டி முடிக்கும்போது கதை எங்கேயோ போயிருக்கும். அமைதியான, நல்ல பிள்ளை என்று ரீச்சர்மார் அம்மாவிடம் சொன்னார்கள். அம்மாவுக்குத் தன் பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறார்களா என்று சந்தேகம். உங்கள் மகன் அறைக்குள்ளேயே இருப்பதும் இதுவாக இருக்கலாம்.

என்னுடைய முதல் பகிடி ஈ.எஸ்.எல். வகுப்பில்தான் நடந்தது. ஒரு சோமாலியப் பொடியன், இரண்டு சீனப் பிள்ளைகள், ஆப்கானிஸ்தானில் இருந்து ஒரு அக்காவும் தம்பியும். எல்லோருடைய ஆங்கிலமும் நொண்டி, அதனால் யாரும் அவசரப்படவில்லை, வசனம் முடியும்வரை காத்திருப்பார்கள். நான் என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை, சோமாலியப் பொடியன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தது நினைவிருக்கிறது. மதியச் சாப்பாடும் அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தோடுதான். சித்தப்பாவுக்கு இதையும் சொல்லுங்கள்.

செய்யக்கூடியது ஒன்று: ரொறன்ரோவில் கிரிக்கெட் அணி வைத்திருக்கும் உயர்பள்ளிகள் உண்டு. உங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பந்து போடத் தெரிந்தவனிடம் யாரும் உச்சரிப்பைக் கேட்பதில்லை.

2024 செப்டெம்பர் 10

கிரிக்கெட் பிடிக்காது, செஸ் விளையாடுவார் என்றால் செஸ். நான் விளையாட்டைச் சொல்லவில்லை, ஆட்களைச் சொன்னேன்.

வேறொன்று. 30 கிறெடிற்றில் கட்டாயம் எத்தனை என்று இரண்டு பேர் வாதாடுகிறார்கள். இரண்டு பேரும் சரி. இதுவரை கிறேட் 9 தொடங்கியவர்களுக்கு 18 கட்டாயம், 12 விருப்பம். இந்தச் செப்டெம்பரில் கிறேட் 9 தொடங்குபவர்களுக்கு 17 கட்டாயம், 13 விருப்பம், அந்த 17இல் தொழில்நுட்பப் பாடம் ஒன்றும் அடக்கம். உங்கள் மகன் இடையில் சேர்கிறவர், அவருக்கு எது என்று அதிபரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கிறெடிற் தவிர எங்களுக்கு இல்லாத இரண்டு வந்திருக்கின்றன. 40 மணித்தியாலம் சம்பளமில்லாச் சமூக சேவை. பிந்தி வந்தவர்களுக்கு எத்தனை மணித்தியாலம் என்பதை அதிபர் தீர்மானிக்கலாம். மற்றது கிறேட் 10இல் வரும் எழுத்தறிவுச் சோதனை. ஈ.எஸ்.எல். பிள்ளைகளுக்கு அதைப் பிறகு எழுதத் தள்ளிப்போட வசதி இருக்கிறது, எழுதும்போது கூடுதல் நேரமும் கேட்கலாம். வேறு வகுப்பு ஒன்றைப் படித்தும் அந்த நிபந்தனையை முடிக்கலாம். கேட்காவிட்டால் யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள்.

ஆ, தமிழுக்கும் கிறெடிற் உண்டு! வார இறுதியில் போர்டுகள் நடத்தும் வகுப்புகள். அங்கே உங்கள் மகன் ராஜா. 'ஃபொப்' என்று சிரித்தவர்களில் ஒருவராவது அங்கே வந்து ஒப்படைக்கு உதவி கேட்பார் என்று பந்தயம்.

2024 அக்டோபர் 6

பெற்றோர் சந்திப்புக்கு மகனை மொழிபெயர்க்கக் கூட்டிப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஐந்து ரீச்சர்மார் ஐந்து முறைப்பாடு சொன்னார்கள். அம்மா அப்பா காதில் விழுந்தவரை நான் மிகச் சிறந்த மாணவன். ஒரு ரீச்சர் மட்டும் நான் பேசிய தமிழ் தான் சொன்னதைவிட நீளமாக இருக்கிறதே என்று புருவத்தை உயர்த்தினார்.

பகிடி ஒரு பக்கம். போர்டிடம் முன்கூட்டியே கேட்டால் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யலாம். பள்ளிக்கூடங்களில் குடியேறிகளுக்கு உதவ ஸ்விஸ் என்ற திட்டத்தின் பணியாளர்கள் வருவார்கள், ஸ்காபரோப் பக்கம் தமிழ் கதைப்பவர்களும் இருக்கிறார்கள். வைத்தியர், வங்கி, வாடகை வீட்டுக்காரர், எல்லாவற்றுக்கும் பிள்ளையின் வாய்தான் என்றால் வீட்டில் யார் பெரியவர் என்று குழம்பிவிடும். எங்கள் வீட்டில் குழம்பியது. அப்பா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

2024 நவம்பர் 17

மகனை இரவு வேலைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போனேன். வீட்டில் வேறு வழி இருக்கவில்லை, அதனால் போகாதே என்று உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. சனி, ஞாயிறு பகலில் என்றால் சரி. வார நாளில் பத்து மணி தாண்டினால் கணிதம் தப்பிவிடும், ஆங்கிலம் தப்பாது. கணிதத்தை அரைத் தூக்கத்தில் செய்யலாம். அரைத் தூக்கத்தில் அந்நிய மொழியில் நாவல் வாசிக்க முடியாது.

2025 ஜனவரி 31

மகனின் அடுத்த செமஸ்டர் பாட அட்டவணையைப் பார்த்தேன். ஆகஸ்டில் பிறகு கதைக்கலாம் என்று விட்ட விஷயம் இதுதான்.

கணிதத்துக்கு நேரே எம்எஃப்எம்2பி என்று இருக்கிறது. கடைசி எழுத்தைப் பாருங்கள். பி (P) என்றால் அப்ளைட், இது ஈ.எஸ்.எல். 'பி' இல்லை. எம்பிஎம்2டி என்று இருந்தால் அகடெமிக். கிறேட் 9இல் இந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள், கணிதத்தில் 2021இல், மற்றப் பாடங்களில் அடுத்த வருடம். கிறேட் 10இல் இன்னும் இருக்கிறது. 2பி படித்தவர் கிறேட் 11இல் எம்சிஆர்3யூ என்ற கணிதத்துக்கு நேரே போகமுடியாது, அதற்கு 2டி வேண்டும். அது இல்லாமல் கிறேட் 12இன் யூ மட்டக் கணிதங்களுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கான கணிதங்களுக்கு, போவது சுற்றுவழி. பொறியியல், கணினி, வணிகம் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன. பழைய ஜெனரல் புதுப் பெயரோடு வந்திருக்கிறது. ஈ.எஸ்.எல்.லுக்கு எதிராகச் சண்டை பிடிக்கத் தயாராக இருந்தீர்களே, அந்தச் சண்டையை இந்த ஒரு எழுத்துக்காகப் பிடியுங்கள்.

வசனக் கணக்குகளில் ஆங்கிலம் கஷ்டமாக இருக்கும், அதனால்தான் 2பி என்று, பாடத் தெரிவுக்கு ஆலோசனை சொல்லும் கைடன்ஸில் சொன்னார்களாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆகஸ்டில் கணிதம் நன்றாகச் செய்தார் என்று எழுதித் தந்ததும் அதே போர்டுதான். வசனக் கணக்குக்கு அகராதியும் கூடுதல் நேரமும் கேட்கலாம், ஈ.எஸ்.எல். ரீச்சரிடம் காட்டலாம்.

தவறிவிட்டால்? இதுதான் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் கிறேட் 9, 10 பாடங்களில் சித்தியடைந்தவை மட்டும்தான் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவில், ஏறும். கைவிட்டதும் தவறியதும் ஏறாது. கிறேட் 11, 12இல்தான் அதெல்லாம் பதிவாகும், கைவிடுவதென்றாலும் இடைக்கால அறிக்கை வந்து ஐந்து பள்ளி நாளுக்குள் கைவிடவேண்டும். ஆகவே முயன்று பார்க்கச் செலவில்லாத கடைசி வருடம் இதுதான். சரிவராவிட்டால் கோடை வகுப்பு இருக்கிறது.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போங்கள். ஆகஸ்டில் தந்த தாள், ஊரில் எடுத்த கணித மதிப்பெண், முதல் செமஸ்டர் அறிக்கை, மூன்றையும் கையில் வைத்திருங்கள். ஸ்விஸ் பணியாளரையும் வரச் சொல்லுங்கள், மகன் தன்னுடைய வழக்குக்குத் தானே மொழிபெயர்க்க வேண்டாம். ஆனால் 2டி வேண்டும் என்பதை அவரே கேட்கட்டும். அவருக்கு உண்மையில் வேண்டுமா என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் நான் மேலே எழுதிய மூன்று பந்தியும் வீண், அதுவும் பரவாயில்லை.

2025 ஜனவரி 31, இரவு

பேப்பர்களை நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மூலப்பிரதியை அங்கே கொடுத்துவிட்டு வராதீர்கள்.